கப்பலேறிய பெயர்

தமிழ்நாட்டில் பிறந்தவர் ஒருவரிடம், "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று வெளிநாட்டார் யாராவது கேட்டால், அவர் சற்றுத் திகைத்துத்தான் போவார். நமக்கெல்லாம் குடும்பப் பெயர் ஏது? தகப்பனார் பெயரின் முதல் எழுத்து ஒன்று தலைப்பில் நிற்கிறது. நம் பிள்ளைகள் தலையெடுத்ததும் அந்த எழுத்தும் போய், நம்முடைய எழுத்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து கொள்கிறது. திவசம் கொடுக்கும் குடும்பங்களிலே கூடத் தகப்பன், பாட்டன், கொள்ளுப் பாட்டன் என்று மூன்று தலைமுறையோடு பெயர் சொல்வது முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே போனவர்கள் எல்லோரும் பெயரில்லாத பெரியோர்களே.

கடல் கடந்து குடியேறிய தமிழர்களின் கதி வேறு. அவர்கள் சென்ற இடமெல்லாம் யாரோ ஓர் உத்தியோகஸ்தர் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, குடும்பப் பெயர் கேட்டுக் காத்திருந்தார். கேட்ட கேள்விக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலில், நாயுடு, பிள்ளை, முதலி, செட்டி, படையாட்சி என்று இங்கே பட்டமாக வழங்குவனவெல்லாம் ஆங்கில எழுத்தில் சிக்கி உருமாறிக் குடும்பப் பெயர்களாயின. முதலி என்பது 'மூட்லி' ஆயிற்று. கவுண்டர் என்பது 'கோவெண்டர்' ஆயிற்று. பட்டம் எதுவும் இல்லாமல் வெறும் முனுசாமியாகவோ பெருமாளாகவோ கப்பலேறியவருக்கு அந்தப் பெயரே வமிசம் முழுவதற்கும் பெயராக நிலைத்துவிட்டது. பிரெஞ்சுக்காரருக்கு உட்பட்ட ரெயூனியனிலும் குவாதலூப்பிலும் வீரப்பிள்ளைகளும் முத்துசாமிகளும் பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் இன்றும் வாழ்ந்து வருகிறார்கள்.

கடல் கடக்காமலே குடும்பப் பெயர் பெற்றவர்களும் உண்டு. புதுச்சேரியில் 1881-ஆம் வருஷத்தில் பிறப்பித்த ஒரு சட்டப்படி, பரம்பரை வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தலைவராக விளங்கிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லா போர்த்' என்று வைத்துக்கொண்டார். வாசற்கதவு என்று அதற்குப் பொருள். நன்றாக யோசித்து, தமக்குப் பிடித்த பெயரைத் தாமே சூட்டிக்கொள்ளும் பாக்கியம் அவருக்கு வாய்த்தது. நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களுக்கு அப்படி யோசிக்க எங்கே அவகாசம் இருந்திருக்கும்?

இந்த விஷயமெல்லாம் எனக்குப் புத்தக ஞானமாகவே இருந்து வந்தது. சென்ற ஆடி மாதத்தில் ஒரு பெரியவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான், ஒரு பெயருக்குள்ளே எவ்வளவு பாரம் அடங்கியிருக்கக் கூடும் என்று தெரிந்துகொண்டேன்.

* * *

பெரியவருக்கு வயது எழுபத்தாறு. டர்பன் நகரத்தை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் பள்ளிக்கூட ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவர் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார். தமிழில் அவருக்குத் தெரிந்தவை அம்மா, தாத்தா, சாமி, கூழ், போதும் என்பது போன்ற சில சொற்களே. ஆனால் அந்தச் சில சொற்களை அவர் உச்சரித்த மாதிரியில் வட ஆற்காட்டுக் கிராமத்து மண் வாசனை அப்படியே இருந்தது!

குடும்பப் பெயர் கோவெண்டர். அவருடைய சொந்தப் பெயரையும், அவர் தேடி வந்த கிராமத்தின் பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் போகப் போக விளங்கும்.

அவர்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்த கதை இது: கொள்ளுப் பாட்டனார் நிலபுலங்கள் நிறைந்த கவுண்டர் வீட்டுப் பிள்ளை. பாகப் பிரிவினையில் அண்ணனோடு சண்டை வந்தது. "இந்த வீட்டில் இனித் தண்ணீர் குடிக்க மாட்டேன்" என்று கோபித்துக்கொண்டு கிளம்பியவர் சென்னைக்கு வந்து கப்பலேறிவிட்டார். அக்கரைத் தமிழர்களின் குடும்பக் கதைகளில் இப்படி அண்ணனோடு சண்டை போட்ட தம்பிமார் ஏராளம். எல்லாத் தம்பிமாரும் நிலத்தை விட்டுவிட்டுத்தான் போனார்கள். நிலமில்லாமல் போனவர் ஒருவரும் இல்லை போலும் என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஒவ்வொருவரைப் பற்றியும் கப்பல் வாரியாக எழுதி வைத்த பதிவேடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. சென்னையிலிருந்து முதன் முதலில் புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர். 1911-இல் இந்த முறை நிறுத்தப்படுவதற்குள் 1,52,184 பேர் நேட்டாலுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகச் சென்றவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம்; முதல் வருஷத்தில் மாதம் பத்து ஷில்லிங் கூலி; பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள அடையாளம் என்று வரிசையாகக் கட்டங்கள்.

அந்த எண்தான் முக்கியமானது. கூலிக்காரர் சாகிற வரையில் அது அவரை விடுவதில்லை. கலியாணப் பதிவிலும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் கூடவே வரும். எழுதுகிறவர் காதில் விழுந்தபடியெல்லாம் பெயர் மாறும். எண் மட்டும் மாறாது. பெரியவர் தம் பாட்டனாரின் பிறப்புப் பதிவிலிருந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போயிருக்கிறார். 1889-ஆம் வருஷத்துக் கப்பல் ஒன்றின் ஏட்டில் அந்த எண் அகப்பட்டது. அந்த ஏட்டின் நகலே என் முன்னால் கிடந்த காகிதம்.

வயது இருபத்து நான்கு. உயரம் ஐந்தடி நான்கங்குலம். இடது முழங்காலில் தழும்பு. ஜில்லா வட ஆற்காடு, தாலுகா ஆற்காடு. பெயர் ஒற்றைப் பெயர். தகப்பனார் பெயரும் அப்படியே. கவுண்டர் என்ற பட்டம் எங்குமே இல்லை. ஜாதி என்ற கட்டத்தில், பறையர் என்பதை ஆங்கிலேயர் எப்படிச் சிதைத்து எழுதுவார்களோ அப்படி எழுதியிருந்தது.

"மூன்று வருஷமாக இந்தக் காகிதம் என் பெட்டிக்குள் இருக்கிறது" என்றார் பெரியவர். "தங்கை ஒருத்திக்கு மட்டும் சொன்னேன். 'இருக்கிற பெயரோடு நன்றாகத்தானே இருக்கிறோம்? பேரன் பேத்திகள் கலியாணத்துக்கு நிற்கிற சமயத்தில் இதை ஏன் கிளறுகிறாய்?' என்றாள். அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் ஒருமுறை அந்த ஊரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வந்தேன்."

* * *

மறு நாள் காலையில் அவரை இராயபுரம் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். ஆற்காட்டுக்கு இராயபுரத்திலிருந்து போவது இப்போது வழக்கமில்லை. சென்டிரலில்தான் ரயிலேற வேண்டும். ஆனால் தென்னிந்தியாவில் முதல் ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அது போய் நின்ற இடம் வாலாஜா ரோடு. அதாவது ஆற்காட்டுக்குப் பக்கம். ஆற்காட்டுச் சீமையின் ஆட்களைத் துறைமுகத்துக்குக் கொண்டு வருவதற்கு இந்தப் பாதை எவ்வளவு சௌகரியமாய் இருந்திருக்க வேண்டும்! நவாபுகளின் ராஜதானியோடு சென்னையைச் சேர்த்தது என்று நாம் பெருமையாகப் படித்த இருப்புப் பாதை, பசித்தவர்களைக் கப்பலோடு சேர்த்து வைத்த பாதையாகவும் இருந்தது.

பழைய ஸ்டேஷன் கட்டடம் தூண்களோடு இன்னும் நிற்கிறது. பெரியவர் ஒரு தூணைத் தொட்டுக்கொண்டு வெகு நேரம் பேசாமல் நின்றார்.

பிறகு சென்டிரலுக்கு வந்து ரயிலேறினோம். ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் தம் குடும்பத்தின் கதையைச் சொல்லி வந்தார். ஒப்பந்தம் தீர்ந்ததும் கொள்ளுப் பாட்டனார் ஊர் திரும்பவில்லை. டர்பனுக்கு அருகே ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டார். கூடையைத் தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்றார். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் அவரை "சாமி" என்றுதான் கூப்பிடுவார்களாம்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் கிடைத்த பெயரன்று. முனுசாமி, இராமசாமி, குப்புசாமி என்று சாமியில் முடிகிற பெயர்களையே கேட்டுக் கேட்டு, அந்நாட்டு வெள்ளையர்கள் இந்தியர் அனைவரையும் 'சாமி' என்றே அழைத்தார்கள். காந்தியடிகள் தம் சுயசரிதையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சற்றுத் துணிச்சலுள்ள இந்தியர், "சாமி என்றால் எஜமானன் என்று அர்த்தம், நான் உமக்கு எஜமானன் அல்லவே!" என்று பதில் கொடுப்பதுண்டாம். அதே காந்தியடிகளிடம் 1894-இல் பல் உடைந்து, இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையிலே பிடித்துக்கொண்டு வந்து நின்ற ஒப்பந்தக் கூலியான பாலசுந்தரமும் தமிழரே. வெள்ளையர் முன்னால் தலைப்பாகையை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே விதித்திருந்த மரியாதை. தலைப்பாகையை இழந்தவர்கள் பெயரையும் இழந்தது வியப்பில்லை.

"உங்கள் குடும்பத்தில் கோவெண்டர் என்ற பெயர் எப்போது முதல் வருகிறது?" என்று கேட்டேன்.

"என் பாட்டனாரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் முதல். பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. கொள்ளுப் பாட்டனாரிடம் அதில் எழுத ஒன்றும் இல்லை. அடுத்த குடிசைக்காரர் கோவெண்டர். கப்பலில் கூட வந்தவர். அவர் பெயரையே கொடுத்துவிட்டார். எழுத்துத் தெரியாதவர், எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் பிள்ளைக்கு நல்லது என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது."

சற்று நேரம் வெளியே ஓடிய பனைமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"கட்டத்தில் எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குத் தெரியும், ஐயா. கேட்டோ மேனரில் எங்கள் தகப்பனார் செங்கல் செங்கலாகச் சேர்த்து ஒரு வீடு கட்டினார். 1950-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒரு சட்டம் எல்லோரையும் நிறத்தால் பிரித்து ஒரு கட்டத்தில் எழுதியது. இன்னொரு சட்டம் அந்தக் கட்டத்தைப் பார்த்து, யார் எங்கே வசிக்கலாம் என்று தீர்மானித்தது. 1960-களில் எங்களை அந்த வீட்டிலிருந்து கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். லாரியில் சாமான்களின் மேல் உட்கார்ந்து போனது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. 'ஒரு மனிதனைக் கட்டத்தில் எழுதி வைத்து வீட்டைப் பிடுங்குகிறார்களே, இது அடுக்குமா?' என்று தகப்பனார் சாகிற வரையில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தகப்பனாரின் பிள்ளைதான் மூன்று வருஷமாக ஒரு கட்டத்தை மறைத்து வைத்திருக்கிறேன்."

* * *

வாலாஜா ரோட்டில் இறங்கி, இராணிப்பேட்டையைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்துக்கு வந்தோம். ஆற்றில் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் கோரையுமாகக் கிடந்தது. அக்கரையில் ஆற்காடு. 1751-இல் கிளைவு இங்கே கோட்டையைப் பிடித்து முற்றுகைக்கு ஈடு கொடுத்ததிலிருந்துதான் ஆங்கிலேயரின் அதிர்ஷ்டம் ஆரம்பமாயிற்று. கோட்டை போய்விட்டது, ஆற்றங்கரையில் தில்லி வாசல் மட்டும் மிச்சமாக நிற்கிறது. நவாபு அழிந்தார், கிளைவின் சந்ததியார் ஆண்ட ராஜ்யமும் போயிற்று. அந்த ராஜ்யத்தின் காலத்தில் இந்தச் சீமையிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் மட்டும் உலகத்தின் நாலு மூலைகளிலும் இருக்கிறார்கள்.

கொள்ளுப் பாட்டனாருக்குப் பதினோரு வயதாயிருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்திருக்க வேண்டும். 1876-இல் மழை பொய்த்தது. சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். முதலில் மாண்டவர்கள் நிலமில்லாத கூலிகள். அதில் பிழைத்த ஒரு பையன் இருபத்து நான்காவது வயதில் கப்பலேறினான் என்றால், அண்ணனோடு சண்டை போட்டிருக்க வேண்டிய அவசியம் ஏதும் இல்லை.

ஏட்டிலிருந்த கிராமத்தின் பெயரைக் கண்டுபிடிப்பதும் சுலபமாயிருக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மூன்று விதமாகப் படிக்கலாம். ஆற்காட்டுச் சீமையில் 'பாக்கம்' என்றும் 'தாங்கல்' என்றும் முடிகிற ஊர்களுக்குக் குறைவில்லை. தாலுகாவின் பெயரையும் அந்தப் பக்கத்து மக்கள் ஊர்ப் பெயரை உச்சரிக்கும் மாதிரியையும் ஒத்துப் பார்த்துத்தான் இன்ன ஊர் என்று முடிவு கட்டினோம். கலவைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரை வழியாக இரண்டு மைல் நடந்தோம்.

ஊருக்குள் நுழைந்ததும் தேநீர்க் கடையில் விசாரித்தார்கள். பெரியவர் தம் வழக்கப்படி, "கோவெண்டர்" என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார்.

அவ்வளவுதான். "நம்ம கவுண்டர் வூட்டு ஆளு! ஆப்பிரிக்காவிலேருந்து வந்திருக்காரு!" என்று ஒரு பையன் ஓடினான். அடுத்த ஐந்து நிமிஷத்தில் கவுண்டர் தெருவில் ஒரு பெரிய வீட்டுத் திண்ணையில் நாங்கள் ஜமக்காளத்தின் மேல் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரருக்கு எண்பது வயதிருக்கும். கூப்பிய கையைப் பிரிக்காமலே வரவேற்றார். இளநீர் வந்தது, பிறகு பெரிய எவர்சில்வர் டம்ளர்களில் மோர் வந்தது.

"எங்க தாத்தா சொல்வாரு" என்றார் வீட்டுக்காரர். "அவருக்குச் சித்தப்பா முறையிலே ஒருத்தர், பாகத் தகராறுலே கோவிச்சுக்கிட்டுக் கப்பல் ஏறிட்டாராம். திரும்பி வரவே இல்லையாம். அவரு வமிசந்தான் நீங்க. முகத்தைப் பார்த்தாலே தெரியுதே!"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பெரியவரின் கை டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டது.

நூற்றுமுப்பது வருஷத்துக் குடும்பக் கதை நாலாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்து, எதிர்த் திண்ணையிலிருந்த கதையோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது! நிலபுலம், அண்ணன், கோபம், கப்பல் எல்லாம் சரி. காகிதத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஒரு போட்டோ பிடித்துக்கொண்டு, சொந்தக்காரர்களைக் கண்ட சந்தோஷத்தோடு ஊர் திரும்பலாம். சாட்ஸ்வொர்த்தில் தங்கை மகிழ்ந்து போவாள். கேட்பார் யார்? நானே அவரைப் பார்த்து, "இது போதும், கிளம்பலாம்" என்று கண்ணால் ஜாடை காட்டினேன். அதை இப்போது எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். பையைத் திறந்து காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதைத் தமிழில் உரக்கப் படியுங்கள். ஒரு கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள்" என்றார்.

படித்தேன். பெயர், தகப்பன் பெயர், வயது என்று வரிசையாகப் படித்து ஜாதி என்ற கட்டத்துக்கு வந்தபோது என் குரல் தாழ்ந்தது. பெரியவர் என் கையைத் தொட்டார். இன்னொரு தடவை சற்று உரக்கப் படித்தேன்.

திண்ணையைச் சுற்றி நின்றவர்களிடம் ஒரு மௌனம் உண்டாயிற்று. ஒருவர் தெருவைப் பார்த்தார். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் மட்டும் பெரியவரின் முகத்தையே உற்று நோக்கிக்கொண்டிருந்தார்.

"அப்போ, நீங்க கிழக்கே போகணும்" என்றார் கடைசியில். பிறகு, சற்று நேரம் கழித்து, "மோரைக் குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

பெரியவர் மோரைக் குடித்து முடித்தார். எழுந்து கைகூப்பினார். வீட்டுக்காரரும் எழுந்து கைகூப்பினார். நாங்கள் போன பிறகு அந்த டம்ளர் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எங்களுக்கு வழி காட்டுவதற்குத் தம் பேரப் பையனைக் கூட அனுப்பினார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

* * *

சேரி என்ற பெயர் மாறிக் காலனி என்ற பெயர் வந்திருக்கிறது. ஊருக்கும் அதற்கும் நடுவே இருந்த வயல் மட்டும் அப்படியே இருக்கிறது. 1922-லேயே சென்னை சர்க்கார் பழைய பெயரை நீக்கி ஆதி திராவிடர் என்ற பெயரை ஏற்றார்கள். ஆதி திராவிட மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் பல வருஷங்கள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராயிருந்தவர். காந்தியடிகளுக்குத் தமிழில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. ஆகையால் இந்த வயலுக்கும் நேட்டாலுக்கும் உள்ள உறவு புதியதன்று.

அன்றைக்கு ஆடி வெள்ளிக்கிழமை. கங்கையம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள். பம்பை ஒலி தூரத்திலேயே கேட்டது. வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ். பெரியவர் அதைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"எங்கள் ஊரிலும் இந்த மாதத்தில்தான்!" என்றார். "கங்கையம்மாவுக்குத்தான்! நாங்கள் மக்காச்சோள மாவில் காய்ச்சுகிறோம். இதை எங்கிருந்து கற்றோம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது."

காகிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூட்டம் சேர்ந்தது. அந்தப் பெயரையோ தகப்பன் பெயரையோ ஞாபகம் வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை. தொண்ணூறு வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி சொன்னாள்: "கோலார் தங்க வயலுக்குப் போனாங்க, ரங்கோனுக்குப் போனாங்க, கண்டிச் சீமைக்குப் போனாங்க. போனவங்க எத்தினியோ பேரு. பேரை எழுதி வெச்சிக்க எங்ககிட்ட ஏடு ஏதுப்பா?"

பிறகு அவளே, "உன் பேரு என்னான்னு சொன்னே?" என்று கேட்டாள்.

"கோவெண்டர். அதாவது, கவுண்டர்."

கிழவி ஒரு கணம் விழித்தாள். "கப்பல் ஏறினதும் கவுண்டராயிட்டாரா?" என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு கூட்டம் முழுவதும் பரவி, பம்பைக்காரர் கூட அடிப்பதை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டார். நான் பெரியவருக்கு விளக்கியதும் அவரும் சிரித்தார். என்னைச் சந்தித்த நாள் முதல் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அப்போதுதான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பேஷ்! நல்ல கெட்டிக்காரன்!" என்று கிழவி, நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்ற மனிதரை மெச்சினாள்.

இதற்குள் ஓர் இளம் பெண் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. "ஐயா, இதை நான் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

"ஏன், அம்மா?"

"எங்கள் தெருவில் யாருடைய கொள்ளுப் பாட்டனாருக்கும் இப்படி ஒரு காகிதம் கிடையாது. அவர்கள் பெயரையும் உயரத்தையும் யாரும் எழுதி வைக்கவில்லை. முழங்காலில் தழும்பு இருந்தது என்று கூட எழுதியிருக்கிறதே! இந்தத் தெருவில் பிறந்தவர்களைப் பற்றி நான் பார்த்த பழைய எழுத்து இது ஒன்றுதான். என் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்."

பெரியவர் பதில் சொல்லவில்லை. மூன்று வருஷமாகப் பெட்டிக்குள் மறைத்து வைத்திருந்த காகிதத்தை இரண்டு கைகளாலும் அவளிடம் கொடுத்தார். அவள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். கிழவி ஒரு சொம்பு நிறையக் கூழ் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவர் குடித்துவிட்டு, தமக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தார். "போதும்" என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "இன்னும்" என்றார். அந்தச் சொல்லை அன்று காலையில் ரயிலில் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

* * *

தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள்; 1914-இல் பதினாறாவது வயதில் அங்கேயே உயிர் நீத்தவள். தில்லையாடியை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் நாம் அவளை அந்த ஊரின் பெயரோடு சேர்த்தே சொல்கிறோம். காணாத ஊர் ஒருவருக்குப் பெயராகலாம். அப்படியே, கண்டு வெளியேறிய ஊரை மறைப்பதற்கு ஒரு பெயரும் தேவைப்படலாம். தம் மகன் இன்னொருவன் வாசலில் குனிந்து நிற்கக்கூடாது என்று, தம்மிடமிருந்த ஒரே ஆயுதமாக ஒரு சொல்லைக் கட்டத்தில் எழுதச் சொன்ன மனிதரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பொய் சொன்னது அந்தக் கட்டம்.

பெரியவர் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துக் கடிதம் எழுதியிருந்தார். பெயரை மாற்றிக்கொள்ளப் போவதில்லையாம். "அது கொள்ளுப் பாட்டனார் சம்பாதித்த சொத்து. ஆனால் எப்படிச் சம்பாதித்தார் என்பதை இனிமேல் சொல்லிவிடுவோம்" என்று எழுதியிருந்தார். ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வொர்த்தில் குடும்பத்தார் எல்லோரும் கூடிக் கூழ் வார்த்தபோது, காகிதத்தை எடுத்து, ஒரு கட்டத்தையும் விடாமல் உரக்கப் படித்தாராம். கடைசியில் இன்னும் இரண்டு பேர் தங்களுடைய பாட்டனார்களின் எண்ணையும் தேடித் தரும்படி கேட்டார்களாம்.

தங்கை மட்டும் ஒன்றும் பேசவில்லையாம். அகப்பையை எடுத்து அடுத்த கிண்ணத்தை நிரப்பி, அதை முதலில் அவரிடம் கொண்டுவந்து கொடுத்தாளாம்.